மச்சான் பிடித்த ஜாக்கி

டேவிட்சன் யாரையாவது அடிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றுவான். அதில் அவசரமே காட்டமாட்டான். வாரை அவிழ்த்து, கண்ணாடியைச் சட்டையில் துடைத்து, பத்திரமான இடமாகப் பார்த்து வைத்துவிட்டுத்தான் திரும்புவான். கடலடியிலும் நிற்காமல் ஓடுகிற கடிகாரம் அது. அடுத்தவன் மண்டையில் பட்டுக் கீறல் விழுந்துவிடக் கூடாது பாருங்கள். அந்த அக்கறையில் கால்வாசி கட்டின பெண்டாட்டி மேல் இருந்திருந்தால் இங்கே சொல்வதற்கு எதுவுமே இருந்திருக்காது.

பெண்டாட்டி பெயர் டெல்பின். ரோச்சின் தங்கை. ரோச்சுக்கு உலகத்தில் வேறு ஆள் கிடையாது. அப்பனைக் கடல் கொண்டுபோயிற்று; ஆத்தாளைக் காமாலை கொண்டுபோயிற்று. தங்கையைக் கரையேற்றிவிட்டுத் தான் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தவனுக்கு, அவளைக் கரையேற்றிய பிறகு நிம்மதி போய்விட்டது. கல்யாணமும் நடக்கவில்லை.

ரோச்சும் டேவிட்சனும் திரேஸ்புரத்திலிருந்து ஒரே வள்ளத்தில் சங்கு எடுக்கப் போகிறவர்கள். டேவிட்சன் குளியாள். மேலேயிருந்து காற்று வருகிற ரப்பர் குழாயை, அதாவது ஓஸை, பல்லில் கடித்துக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்குவான். ரோச் வள்ளத்தில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஓஸைப் பிடித்திருப்பான். ஓஸ் மடங்கினாலோ, கம்ப்ரசர் நின்றாலோ கீழே இருப்பவன் பாடு அவ்வளவுதான். அதனால் அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவனின் உயிரை மச்சான்தான் பிடிக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்தில் கயிறு, இப்போது ஓஸ். கூடப்பிறந்த அண்ணன் தம்பியை நம்பமாட்டார்கள், வீட்டுப் பாகத்தில் மனஸ்தாபம் இருக்கும். கூட்டாளியை நம்பமாட்டார்கள், பங்கில் தகராறு இருக்கும். பெண்டாட்டியின் அண்ணனை நம்புவார்கள். எந்த அண்ணனும் தன் கையாலேயே தங்கச்சி தாலியை அறுக்கமாட்டான் என்பது கணக்கு.

நல்ல கணக்குதான், தங்கச்சி ஒழுங்காக வாழ்கிற வரைக்கும்.

டெல்பின் வாழவில்லை. மீனில் உப்பு கூடிப்போனால் அடி, கேட்டதற்குப் பதில் சொன்னால் அடி, சொல்லாவிட்டால் அதற்கும் அடி. போன கிறிஸ்மஸ் அன்று அவள் புதுச்சேலையில் ரத்தத்தோடு கோயிலுக்கு வந்ததைப் பார்த்து, ரோச் கோயில் வாசலிலேயே டேவிட்சனின் சட்டையைப் பிடித்தான். டேவிட்சன் கடிகாரத்தைக் கழற்றினான். ரோச்சுக்கு முன்பற்கள் இரண்டு போயின. அதில் வேடிக்கை என்னவென்றால், தை மாதம் கடலுக்குப் போனபோது இரண்டு பேரும் பழையபடி ஒரே வள்ளத்தில்தான் போனார்கள். ஓட்டைப் பல்லோடு ரோச் ஓஸைப் பிடித்தான். டேவிட்சன் யோசனையே இல்லாமல் குதித்தான்.

பங்குச் சாமியார் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்தார். விசாரித்து அவர் கண்டுபிடித்த மருந்து இதுதான்: கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் வேலை இல்லை, கை சும்மா இருக்கிறது, சும்மா இருக்கிற கைதான் அடிக்கிறது, ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கைக்கு ஒரு நல்ல வேலை கொடுக்க வேண்டும். பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ராமர் அண்ணாச்சி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ரயில் பெட்டிகளைப் புதுப்பிக்கிறாரே, அங்கே போ என்று டேவிட்சனிடம் சொன்னார். சம்பளம் கிடையாது, சேவை. அடி வாங்குகிறவளுக்கு என்ன மருந்து என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ராமர் ஆற்றுப்பக்கத்து வயல்காட்டு ஊரிலிருந்து வந்து மாப்பிள்ளையூரணியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ரயில் என்றால் பைத்தியம். துறைமுகத்துக்குச் சரக்கு இழுத்துக்கொண்டிருந்த சின்னப் பாதை ஒன்று உப்பளத்து ஓரமாகக் கேட்பாரற்றுக் கிடந்தது. அதில் பழைய பெட்டிகளை ஓடவிட்டு, வெளியூர்க்காரர்களை ஏற்றிக் கடற்கரையைக் காட்ட வேண்டும் என்பது அவர் கனவு. எங்கிருந்தெல்லாமோ துருப்பிடித்த பெட்டிகளை வாங்கிவந்து தகரக் கொட்டகைக்குள் நிறுத்தியிருந்தார். வங்கியில் வேலை பார்க்கும் ஜெப்ஸி வந்து பெட்டிகளில் பெயின்டால் எழுத்து எழுதுவாள். கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் வருவதும் போவதுமாக இருப்பார்கள்.

டேவிட்சன் போன முதல் ஞாயிறே அங்கே ராஜாவாகிவிட்டான். ஒரு பெட்டியின் பக்கவாட்டுப் பலகை முழுக்க அப்பிக்கிடந்த பெயின்டைத் தனியாளாகச் சுரண்டித் தள்ளினான். ப்ளோ லேம்ப்பின் நெருப்பு பலகையைக் கருக்கிவிடாமல், பெயின்ட் மட்டும் கொப்பளிக்கிற அளவுக்குக் காட்டினான். இடுக்குகளில் பட்டி வைத்து அடைத்தான். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தேக்கைத் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டுப்பட்ட இடத்தில் மறுபடி தேய்த்தான்.

“எவ்வளவு பொறுமை அவருக்கு!” என்று ஜெப்ஸி, கூட வந்திருந்த ரோச்சிடம் சொன்னாள். “உங்க தங்கச்சி கொடுத்து வச்சவங்க.”

ரோச் டேவிட்சனின் கையைப் பார்த்தான். மரக்கட்டையை இப்படித் தடவத் தெரிந்த கைதானே? அந்தக் கைக்கு மெதுவாகத் தொடத் தெரியாது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான். தெரிந்துகொண்டேதான் அடிக்கிறான் என்பது அந்தக் கொட்டகையில் வைத்துத்தான் அவனுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவன் அங்கே போனது ரயிலுக்காக அல்ல. டேவிட்சன் கண்ணில் படுகிற தூரத்தில் இருந்தால் அந்த நேரத்துக்காவது டெல்பின் பத்திரமாக இருக்கிறாள் என்று அர்த்தம், அதற்காகத்தான்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து கொட்டகைக்குப் போகிற வழியில் ரோச் தங்கை வீட்டுக்குப் போனான். டேவிட்சன் முன்னமே கிளம்பிப் போயிருந்தான். பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் வாசலிலேயே அவனை மறித்துக்கொண்டாள்.

“நேத்து சாயங்காலம் நீ இங்கன வந்திருக்கணும்” என்றாள். “உங்க மச்சான் அவளத் தண்ணி டிரம்முக்குள்ள தலகீழா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு எண்ணுதான்யா. எண்ணுதான். ஒண்ணு, ரெண்டுன்னு. அவ கால உதறுதா. தூக்கி மூச்சு விடச் சொல்லுதான், மறுபடியும் அமுக்குதான். நாங்க நாலு பேரு சேந்து கதவ ஒடச்சோம்.”

டெல்பின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கினாள். இரண்டு கண்ணிலும் வெள்ளையே இல்லை. ரத்தம் கட்டிச் செக்கச்செவேலென்று இருந்தது. குரலும் அவள் குரலாக இல்லை.

“ஒண்ணுமில்லண்ணே” என்றாள்.

“என்னது ஒண்ணுமில்ல? கொன்னுபோடுதேன் அவன.”

“நீ ஒண்ணும் செய்யாத.” வெங்காயக் கையோடு அவன் கையைப் பிடித்தாள். “புதன்கெழம வரைக்கும் பொறுத்துக்கோ. எனக்காவ. புதன்கெழம வரைக்கும் ஒண்ணும் செய்யாத.”

புதன்கிழமை என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரோச்சுக்குக் காதில் விழுந்ததெல்லாம் ‘பொறுத்துக்கோ’ மட்டும்தான். பிறந்ததிலிருந்து பெண்பிள்ளைகள் எல்லாரும் சொல்கிற அதே பொறுத்துக்கோ. கையை உதறிக்கொண்டு வெளியே வந்தான். சைக்கிளை எடுத்தது நினைவில்லை. உப்பளத்து ரோட்டில் எதிர்காற்று முகத்தில் அறைந்ததும் நினைவில்லை.

கொட்டகையில் டேவிட்சன் ஒரு பெட்டிக்குள் நின்று ஜன்னல் சட்டத்துக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தான். ரோச் படியேறினான். கீழே கிடந்த மரச் சுத்தியலை எடுத்தான். ஓங்கித் தோள்பட்டையில் போட்டான். இரண்டாவது அடி காதோரம் இறங்கியது. வார்னிஷ் டப்பா உருண்டது. டேவிட்சன் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, காதைத் தொட்டுப் பார்த்தான். கையில் ரத்தம். ரோச் மூன்றாவது தடவை ஓங்கியபோது சுத்தியல் அவன் கையில் இல்லை, டேவிட்சன் கையில் இருந்தது. அதை அவன் ஜன்னல் வழியாக வெளியே எறிந்தான். பிறகு கடிகாரத்தைக் கழற்றினான். சத்தம் கேட்டு ஓடிவந்து வாசலில் நின்ற ஜெப்ஸியிடம் நீட்டினான்.

“கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க மேடம்.”

அந்தப் பெண்ணும் பதற்றத்தில் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்வதற்கில்லை. டேவிட்சன் அவன் தலைமுடியைப் பிடித்து, புதிதாக வார்னிஷ் அடித்த இருக்கையின் விளிம்பில் முகத்தை மோதினான். மூக்கு உடைந்த சத்தம் ரோச்சுக்கே கேட்டது. வயிற்றில் முழங்கால் இறங்கியது. கீழே விழுந்தவனின் விலாவில் உதை விழுந்தது. ரோச் காலைக் கட்டிக்கொண்டு தொடையைக் கடித்தான். டேவிட்சன் அவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி நடைவழி நெடுக இழுத்துக்கொண்டு போய்க் கடைசி ஜன்னலில் தலையை இடித்தான். கண்ணாடி உடைந்தது. நெற்றியிலிருந்து இறங்கிய ரத்தத்தில் ரோச்சுக்கு ஒரு கண் தெரியவில்லை. ராமரும் பையன்களும் வந்து விழுந்து பிடித்த பிறகுதான் டேவிட்சன் கையை எடுத்தான். ராமர் பார்த்தது உடைந்த கண்ணாடியைத்தான்.

“ரயில்வே கண்ணாடிலே இது! எங்க தேடி வாங்குனேன் தெரியுமா? வெளங்குவீங்களாடே ரெண்டு பேரும்?”

“குடும்பச் சண்ட அண்ணாச்சி. மனசுல வச்சிக்கிடாதீங்க” என்று டேவிட்சன் சிரித்தான். பழந்துணியை எடுத்து டர்பன்டைனில் நனைத்து, ரோச்சின் முகத்திலிருந்த வார்னிஷையும் ரத்தத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டான். காயத்தில் தீ வைத்த மாதிரி எரிந்தது. ரோச் கத்தினான். “அசையாத மச்சான், கண்ணுல பட்டுரும்” என்று தாடையைப் பிடித்துக்கொண்டு, பலகையைத் தடவுகிற அதே பொறுமையோடு துடைத்தான். ஜெப்ஸியிடமிருந்து கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அன்றைக்கு முக்கியமான வேலை வேறு. கொட்டகைக் கோடியில் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் முன்சக்கர ஜோடியைக் கழற்றி வெளியே உருட்டிவிட்டிருந்தார்கள். பெட்டியின் முன்பாதி பாரம் முழுக்க ஒரே ஒரு ஜாக்கியின் தலையில் உட்கார்ந்திருந்தது. அடிச்சட்டத்துத் துருவைச் சுரண்டிச் சிவப்பு பிரைமர் அடிக்க வேண்டும். ஆள் உள்ளே படுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது ராமரின் சட்டம். கட்டைகள் கடைக்குப் பின்னால் கிடந்தன.

“குட்டியானையில போய் ஏத்திட்டு வந்திருதேன். நான் வாரது வரைக்கும் எவனும் உள்ள தலைய நீட்டக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் பையன்களையும் கூட்டிக்கொண்டு ராமர் போனார்.

அவர் வண்டி ரோட்டில் ஏறியதுமே டேவிட்சன் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுரண்டியையும் பிரைமர் டப்பாவையும் எடுத்தான்.

“அண்ணாச்சி வயக்காட்டு ஆளு. கட்டைய நம்புதாரு” என்றான். “ஏ மச்சான், இங்கன வா. ஜாக்கியப் பிடி.”

ரோச் உடைந்த மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். தான் சரியாகத்தான் கேட்டோமா என்று பார்த்தான்.

“என்னையால பிடிக்கச் சொல்லுத?”

“பின்ன யார? சண்ட வேற, கயிறு வேற.” டேவிட்சன் தண்டவாளத்துக்கு நடுவே மல்லாந்து படுத்தான். “நீ பிடிச்சா நான் தூங்கவே செய்வேன்.”

தோளை உந்தி உந்தி உள்ளே போனான். தலை, மார்பு, இடுப்பு எல்லாம் மறைந்து, முழங்காலும் உள்ளே போய், பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. துரு உதிர்கிற சத்தம் கேட்டது.

ரோச் எழுந்து போய் ஜாக்கிக்குப் பக்கத்தில் குத்தவைத்தான். ஏன் போனான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. இவ்வளவு வருசமும் டேவிட்சன் இறங்கினால் இவன் பிடிப்பான். கால் தானாகப் போயிற்று. ஜாக்கியின் அடியில் கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு வால்வு. அதைக் கொஞ்சம் திருகினால் போதும், எண்ணெய் இறங்கும், பெட்டியும் இறங்கும். ரோச் அதைப் பார்த்தான். தொடவில்லை. இது சத்தியம், அதுவரைக்கும் அவன் தொடவில்லை.

உள்ளேயிருந்து டேவிட்சன் பேச ஆரம்பித்தான். வேலை செய்யும்போது அவனுக்குப் பேச வேண்டும்.

“உனக்கு பிளாரன்ஸ்தான் சொல்லியிருப்பா. தேவையில்லாத பொம்பள. மச்சான், நான் அவள அடிக்கல்ல கேட்டியா. சாமியாருக்கு வாக்குக் கொடுத்திருக்கேம்லா, கை ஓங்கல்ல. மூச்சுதான் பழக்குனேன்.” சுரண்டுகிற சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. “உங்கப்பனும் குளியாளுதான். அவனுக்குப் பெறந்தவளுக்கு மூச்சு எங்க? எண்ணி முடிக்கதுக்குள்ள காலப் போட்டு உதைக்கா. விடமாட்டேன். தெனமும் அமுக்குனா பழகிரும்.”

ரோச்சின் கை வால்வைத் திருகியது.

ஸ்ஸென்று ஒரு சத்தம். வேறு யாராக இருந்தாலும் அது காதில் விழுந்திருக்காது. காற்றுக்குழாயில் உயிரை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். டேவிட்சன் கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதி சொன்னான். உருண்டான். தலையும் மார்பும் பக்கவாட்டில் வெளியே வந்துவிட்டன. இடுப்பும் வந்தது. இரும்பு உத்தரம் அவன் தொடைகள் மேல் இறங்கியது. மெதுவாகத்தான் இறங்கியது. அதுதான் கொடுமை. எலும்பு ஒவ்வொன்றாக உடைந்தது. முதலில் அவன் அலறவில்லை, வாயைத் திறந்து காற்றைத் தேடினான். பிறகு அலறினான். உப்பளத்தில் நின்ற கொக்குக் கூட்டம் எழும்பிப் பறந்தது. பிரைமர் டப்பா கவிழ்ந்து சிவப்பாக ஓடியது. அதில் எது பெயின்ட், எது ரத்தம் என்று பிரிக்க முடியவில்லை.

அவ்வளவையும் ரோச் பார்த்துக்கொண்டு இருந்தான். சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. ஒரு மூச்சு நேரம் தேன் குடித்த மாதிரி இருந்தது. அப்புறம் டேவிட்சன் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தான். வால்வில் இருந்த கையைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

“மச்சான்?” என்றான்.

ரோச் வால்வை முறுக்கி மூடினான். கம்பியை ஜாக்கியில் செருகிப் பைத்தியம் பிடித்தவன்போல் பம்ப் அடிக்க ஆரம்பித்தான். உத்தரம் நூல் நூலாக எழும்பியது. அலறல் கேட்டு ஓடிவந்த ஜெப்ஸி கொட்டகை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது ஜாக்கியை ஏற்றுகிற ரோச்சை மட்டும்தான். பின்னால் எல்லாரிடமும் அதைத்தான் சொன்னாள். உடைந்த மூக்கோடு அந்த மனுஷன் எப்படி அடித்தார் தெரியுமா, தன்னை அப்படிப் போட்டு அடித்தவனை எப்படிக் காப்பாற்றினார் தெரியுமா என்று.

பெரியாஸ்பத்திரியில் வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். இடது கால் இருந்தது, ஆனால் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் மயக்கம் தெளிந்ததும் எஸ்.ஐ. வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். ரோச் வராந்தாவில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். ஓடவேண்டும் என்று தோன்றவில்லை. ஜெயிலுக்குப் போனால் போகட்டும், தங்கச்சி பிழைத்தாள் என்று நெஞ்சு விறைத்து நின்றான்.

“ஜாக்கி நழுவிட்டு சார்” என்றான் டேவிட்சன். “எங்க மச்சான் இல்லன்னா நான் செத்திருப்பேன்.”

எஸ்.ஐ. எழுதிக்கொண்டு போய்விட்டார். டேவிட்சன் ரோச்சைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். என்ன நடக்கிறது என்று ரோச்சுக்குப் பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை டெல்பின் அவனை ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கூப்பிட்டாள். கண்ணில் இன்னும் அந்தச் சிவப்பு இருந்தது. சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்து, இனிமே நீதான்ளா அவனுக்குக் காலு, உன்னைய விட்டா யாரு இருக்கா, ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவை என்று இரண்டு நாளாக ஓதிக்கொண்டிருந்தார்கள்.

“நீதான?” என்றாள்.

ரோச் தலையை ஆட்டினான். அவள் தன்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அறைந்தாள். உடைந்த மூக்கின் மேலேயே அறைந்தாள். ரத்தம் மறுபடி கொட்டியது.

“புதன்கெழம வரைக்கும் பொறுன்னு சொன்னேனா இல்லையா? நாளைக்கு நான் போறதா இருந்தேன். மடத்து சிஸ்டர் ஒருத்தங்க மதுரப் பக்கத்துல ஹாஸ்டல்ல வேல வாங்கித் தந்திருக்காங்க. துணியெல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு. உங்கிட்ட சொன்னா நீ அவங்கிட்ட போயிக் குதிப்ப, அவன் கதவப் பூட்டிருவான்னுதான் சொல்லல்ல.”

“எனக்குத் தெரியாதே டெல்பின்...”

“கேட்டியா நீ? யாருக்குச் செஞ்ச இத?”

“உனக்குத்தான்ளா.”

“என்னைய ஒரு வார்த்த கேக்காம எனக்கா செஞ்ச?” என்றாள். “காலு இருந்தவன விட்டுட்டுப் போனா நாலு பேரு ஏசுவா, ரெண்டு பேராவது சரின்னு சொல்லுவா. காலு இல்லாதவன விட்டுட்டு எப்பிடிண்ணே போவேன்? ஊரே வந்து என்னைய இழுத்துட்டு வரும். சாமியாரு வருவாரு. நீ அவன நொண்டியாக்கி என் வீட்டுக்குள்ளயே கட்டிப்போட்டுட்ட.”

ரோச் படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம் அது ஒன்றுதான் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தான்.

“நீ போ” என்றான். “நான் பாக்குதேன் அவன.”

“நீயா?”

“பாக்க ஆளு இருந்தா உன்னைய யாரும் கூப்பிட வரமாட்டாங்க. நீ போ.”

டெல்பின் முந்தானையால் அவன் மூக்கிலிருந்து வடிந்ததைத் துடைத்துவிட்டாள். மறுநாள் காலை மதுரை பஸ்ஸில் போய்விட்டாள். ஊர் அவளைத் தேவடியா என்றது, கல்நெஞ்சுக்காரி என்றது. ஆனால் இழுத்து வர யாரும் போகவில்லை. அதுதான் மச்சான்காரன் பார்க்கிறானே.

ரோச் டேவிட்சனைத் தன் ஒற்றை அறை வீட்டுக்குத் தூக்கிவந்தான். முதல் நாள் கட்டிலில் கிடத்திவிட்டுக் கேட்டான்.

“எதுக்குல என்னையக் காட்டிக் கொடுக்கல்ல?”

“உன்னைய உள்ள தூக்கிப் போட்டா எனக்கு யாருல பீ அள்ளுவா?” என்றான் டேவிட்சன். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல்ல. மயக்கத்துல ஒளறிட்டேன், இப்பதான் நெனப்பு வந்துதுன்னு சொன்னா எஸ்.ஐ. கேட்டுக்கிடுவாரு. நீ போயிட்டா என்னையப் பாக்க அவ வந்துதான ஆவணும். எனக்கு எப்பிடின்னாலும் சரிதான்.”

இப்படியாக ஆகிவிட்டது. அவனைத் தூக்கிக் கக்கூஸில் உட்காரவைக்க வேண்டும், கழுவிவிட வேண்டும், புண்ணுக்கு மருந்து போட வேண்டும், மீன் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். டேவிட்சனுக்குப் போனது கால்தான், கை போகவில்லை. கடலில் குளித்துக் குளித்து உரமேறின கை. குழம்பில் உப்பு கூடினால் தட்டு முகத்துக்கு வந்தது. குனிந்து கட்டு அவிழ்க்கும்போது வலித்தால் பிடரியில் இறங்கியது. ஒருநாள் ரோச் தண்ணீர் கொண்டுவரச் சுணங்கிவிட்டான். டேவிட்சன், தலையணையை நிமிர்த்தக் குனிந்தவனின் கழுத்தை முழங்கைக்குள் பூட்டி, முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு எண்ண ஆரம்பித்தான். ரோச்சுக்குக் காலை உதற வேண்டும்போல் இருந்தது. கட்டிலில் கிடக்கிற ஒற்றைக்கால் மனுஷன்தானே, கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தப் புண்ணில் ஒரு குத்துவிட்டால் போதும், பிடி விட்டுவிடும். அது தெரியும். குத்தினால் அவன் வாயைத் திறப்பான், வாயைத் திறந்தால் மதுரையிலிருந்து ஒருத்தி திரும்பி வந்து இதே கட்டில் பக்கத்தில் குனிய வேண்டியிருக்கும். ரோச் உதறவில்லை. எண்ணி முடிக்கட்டும் என்று கிடந்தான்.

பெட்டிகளுக்கு வெளிவேலை முடிந்த வாரம் ராமரும் ஜெப்ஸியும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். டேவிட்சன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, எந்தப் பெட்டிக்கு என்ன கலர் அடித்தார்கள், வார்னிஷ் எத்தனை கோட்டு என்று விசாரித்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். ரோச் டீ கொண்டுவந்தான். டம்ளரை வாங்கும்போது ராமர் அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

“கண்ணு என்னடே அப்பிடி வீங்கிக் கெடக்கு?”

டேவிட்சன் ஆப்பிள் நறுக்குவதை நிறுத்தினான்.

“கதவுல இடிச்சுட்டேன் அண்ணாச்சி” என்றான் ரோச்.

“பாத்து நடக்கப்புடாதா” என்றார் ராமர். இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைக்கும் என்று ஜெப்ஸி சொன்னாள். இரண்டு பேரும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ரோச் தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு, வீட்டுக்குத் திரும்பி வந்து, கதவைச் சாத்தினான்.